கட்டைவிரலால் மறைத்த நோய்

தெற்கு செர்பியாவின் லெஸ்கோவத்ஸ் ஊரில் தேசாங்காவுக்கு எந்த வீட்டிலும் அடைத்த கதவு கிடையாது. இருபத்தாறு வருடமாகக் காப்பீடு விற்கிறாள். தீ, ஆலங்கட்டி மழை, கார் எல்லாவற்றையும் வாயாலேயே விற்றுவிடுவாள். கொடிய நோய்க்கான காப்பீட்டுக்கு மட்டும் கட்டைவிரலும் வேண்டும். படிவத்தில் புற்றுநோய் என்று அச்சிட்ட இடத்தை விரலால் மறைத்துக்கொண்டுதான் நீட்டுவாள். அந்தச் சொல்லை அந்த ஊரில் யாரும் வீட்டுக்குள் உச்சரிப்பதில்லை. "அந்த வியாதி" என்பார்கள். சொன்ன கையோடு, அது தங்களை அண்டாமலிருக்க மர மேசையை மூன்று முறை தட்டுவார்கள். விரலை எடுத்தால் காப்பியும் கிடைக்காது, வாடிக்கையாளரும் கிடைக்கமாட்டார். பிழைப்பு அப்படி.

தச்சர் ராதோயேயும் அவர் மனைவி ஸோர்க்காவும் ஒன்பது வருடத்துக்கு முன் அப்படித்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்தச் செப்டம்பரில், குளிர்காலச் சேமிப்புக்காக ஊரே குடைமிளகாய் சுடும் வாரத்தில், ராதோயே தேசாங்காவைத் தேடி வந்தார்.

"ஸோர்க்காவுக்கு அந்த வியாதி வந்து மூணு மாசமாச்சு. அவகிட்ட வயித்துப் புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கோம். அடுத்த மருந்துக்கு உன் காப்பீட்டை விட்டா எனக்கு வேற வழியில்ல."

"அக்காதான் படிவத்துல கையெழுத்துப் போடணும், அண்ணே. நோய் பேரு மேலேயே இருக்கும்."

"உன் விரல் எதுக்கு இருக்கு? வழக்கம்போல மறைச்சுக்க. தெரிஞ்சா அவ மனசு விட்டுடுவா."

தேசாங்காவுக்குத் தன் அம்மா நினைவு வந்தது. அதே வியாதியில் கிடந்த தாயையும் பித்தப்பைக் கல் என்றே ஏமாற்றி அனுப்பிவைத்தவள் அவள். "கல்லுக்கு ஏண்டி இத்தனை பேர் வந்து பாக்கறாங்க?" என்று கடைசி வாரம் அம்மா கேட்டபோது, சன்னல் திரையைச் சரிசெய்யப் போய்விட்டாள். ஒரு வார்த்தை விடைபெற்றுக்கொள்ளக்கூட இல்லை. அந்த வலி இன்னும் ஆறவில்லை.

மறுநாள் ஸோர்க்கா முற்றத்தில் சுட்ட மிளகாய்க்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். தேசாங்கா படிவத்தை மேசைமேல் வைத்தாள். இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டாள். ராதோயேயின் முகம் வெளுத்தது.

ஸோர்க்கா கையைத் துடைத்து, கண்ணாடி போட்டுப் படித்தாள். மேசையைத் தட்டவில்லை.

"நினைச்சேன்," என்றாள். "மாமியார் மூணு மாசமா என்னைத் திட்டவே இல்ல. வயித்துப் புண்ணுக்கா அந்தப் பொம்பள அடங்குவா?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். அதன் அடியில் ஒரு கட்டம்: தொகையில் சிறு பங்கைப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்குத் தரச் சம்மதமா?

"இது என்னைக் காப்பாத்துமா?"

"உனக்கு உதவாது அக்கா. புது மருந்து வர வருஷக்கணக்காகும்." இந்த வியாதி பற்றித் தேசாங்கா ஒரு வாடிக்கையாளரிடம் ஒளிக்காமல் பேசியது இதுவே முதல் தடவை.

"நமக்கே பத்தாது," என்றார் ராதோயே.

"பத்தாதுதான். ஆனா மருந்துன்னு ஒண்ணு வந்துட்டா, வீட்டுல இதை வாய்விட்டுச் சொல்லுவாங்க இல்ல?" ஸோர்க்கா கட்டத்தில் குறியிட்டாள்.

பிறகு கணவரைப் பார்த்தாள். "தினமும் சாப்பிட்டதும் பட்டறைக்குப் போனீங்களே, மரம் அறுக்கவா, அழவா?"



ஸோர்க்கா தன் பக்கத்து நாற்காலியிலிருந்த மிளகாய்த் தட்டை எடுத்துக் கீழே வைத்தாள்.

"இனிமே இங்க உக்காந்து அழுங்க."