டேப் ஒட்டிய குமிழ்கள்

சித்தூருக்கும் கொல்லங்கோட்டுக்கும் நடுவே மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிற பூபதிராஜாவைப் பார்த்தால், சனிக்கிழமையானால் பாலக்காட்டில் மெட்டல் என்கிற முரட்டு ராக் இசை வாசிக்கப் போகிற ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வயது நாற்பத்தொன்று. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உரமூட்டை தூக்குவார். அதே தோளில் கிட்டாரை மாட்டிவிட்டால், முகத்தில் வேறு ஒரு ஆள் வந்து உட்கார்ந்துகொள்வார். பதினெட்டு வருஷமாக ஒரே கிட்டார், நாலு பேர் கொண்ட ஒரே குழு. பேஸ் கிட்டார் வாசிக்கிற நர்மதாதான் குழுவை நடத்துகிறாள். காலேஜில் கணக்கு எடுக்கிறவள் என்பதால் தாளத்தில் இம்மி பிசகினாலும் திரும்பிப் பார்ப்பாள்.

கிட்டாரின் ஒலியைப் பெருக்க பூபதிராஜாவிடம் இருப்பது டியூப் ஆம்ப். பழைய வால்வு ரேடியோ மாதிரி உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சிவந்து எரியும். சூடேறிய பிறகு கெயின் குமிழை ஏற்றினால் அதுவே உறுமத் தொடங்கும். ஆனால் கனமான பாட்டுக்கு அந்த உறுமல் மட்டும் போதாது, தடித்த தந்திகளின் ஒலி குழைந்துபோகும். அதற்காகக் காலடியில் ஒரு ஓவர்டிரைவ் பெடலைப் போடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பெடலில் உறுமலைக் கூட்டுகிற டிரைவ் குமிழை முழுக்கத் திருப்பிவிடுவார்கள், பேர்தான் ஓவர்டிரைவ் ஆயிற்றே. அது ஏற்கெனவே கொதிக்கிற குழம்புக்கு மேலும் விறகு தள்ளுகிற வேலை. டிரைவை அடியோடு இறக்கி, சத்த அளவான லெவலை மட்டும் ஏற்றி, ஆம்ப்பையே உறும விட வேண்டும். அப்போதுதான் சத்தம் இறுகும், ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும். குழுவுக்கு வந்தவர் போனவர் அத்தனை பேருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தவர் பூபதிராஜாதான். அப்பேர்ப்பட்டவரே அந்தப் பள்ளத்தில் போய் விழுந்தார்.

ஆனி மாசம் தேங்காய் உரிக்கும்போது பாரையில் இடது கை வழுக்கிவிட்டது. மோதிர விரலில் ஏழு தையல். நரம்பு தப்பித்துவிட்டது, மூன்று மாசம் பொறுத்தால் விரல் பழையபடி வேலை செய்யும் என்றார் டாக்டர். அவர் சொன்னது தேங்காய் பொறுக்குகிற வேலையாக இருக்கும், கிட்டாரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று பூபதிராஜா மனசுக்குள் நினைத்துக்கொண்டார். பயம் அன்றைக்கே பிடித்துவிட்டது. தையல் பிரித்த பிறகு நாலு பேர் எதிரில் தடுமாறக் கூச்சப்பட்டு, டவுனில் பயிற்சி அறையில் கிடந்த ஆம்ப்பைத் தோட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

வைத்த இடம் மோட்டார் ரூம். சாயங்காலம் நாலு மணிக்குத் தோப்புக்குத் தண்ணீர் விடுகிற நேரம்தான் அவருக்குப் பயிற்சி நேரம். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் இவர் என்ன தப்பு செய்தாலும் வரப்பில் நிற்கிறவர்களுக்குக் கேட்காது. நல்ல யோசனை என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

ஆம்ப் மட்டும் ஏனோ சோர்ந்து கிடந்தது. வெகுநாள் சும்மா இருந்ததால் அப்படி, விரலிலும் பழைய அழுத்தம் இல்லை என்று இரண்டுக்கும் சேர்த்து ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு ஆம்ப்பில் கெயினை ஏற்றினார். போதவில்லை. பெடலில் டிரைவை ஏற்றினார். அதுவும் போதாமல் முழுக்கத் திருப்பினார். தான் ஊருக்கெல்லாம் செய்யாதே என்று சொன்னதைத் தானே செய்கிறோம் என்று தெரியாமல் இல்லை. ஆனால் காதுக்கு அதுதான் சரியாக இருந்தது. சரியாக வந்த இடத்தில் குமிழ்கள் நகரக் கூடாது என்று, பைப்புக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பைக் கிழித்து ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிவிட்டார்.

மூன்றாவது மாசம் ஆம்ப்பையும் பெடலையும் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனார். முதல் பாட்டிலேயே மானம் போயிற்று. வேகமாக வெட்டி வெட்டி வாசிக்க வேண்டிய இடமெல்லாம் ஒரே சேறு. கையை நிறுத்தினால் ஆம்ப் கீச்சென்று கத்தியது. அடுத்த சனிக்கிழமையும் அதே கதி, அதற்கடுத்ததும் அதே கதி. ஆம்ப் தோட்டத்துக்குத் திரும்பி வந்தால் மட்டும் ஒழுங்காக ஒலித்தது. ஆக, ஆள் முன்னால் நின்றால் விரல் நடுங்குகிறது என்று அவர் முடிவு கட்டினார். நர்மதாவும் பார்த்தது விரலைத்தான். மூன்றாம் வாரம் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த மாசம் நிகழ்ச்சி இருக்கிறது, அதற்கு மட்டும் கோயம்புத்தூரிலிருந்து ஒருவரை வரச் சொல்லலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அடுத்த வாரப் பயிற்சி ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளியிருந்தது; அன்றைக்குப் பதில் சொல்கிறேன் என்று வந்துவிட்டார்.

பதில் என்னவென்று அவருக்குத் தெரியும். நிகழ்ச்சிக்கு மட்டும் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. மனைவி யோகப்பிரியாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. பதினெட்டு வருஷம் கையில் இருந்த ஒன்று ஏழு தையலோடு போய்விட்டது என்பதை அவளிடம்கூட வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பெருமழை. நாலு மணிக்கு வெறித்துவிட்டது. ஆம்ப்பைத் துணியில் சுற்றி மூலையில் வைத்துவிடலாம் என்று மோட்டார் ரூமுக்குப் போனவர், கடைசியாக ஒரு தடவை என்று ஒயரைச் சொருகினார்.

சேறு. டவுனில் கேட்ட அதே சேறு, அதே கீச்சு.

முந்தாநாள் இதே அறையில், இதே விரலால், டேப் ஒட்டிய இதே குமிழ்களோடு வாசித்தது நன்றாக இருந்தது. இப்போது எதிரில் ஒரு ஆள்கூட இல்லை. யார் முன்னால் விரல் நடுங்குகிறது? பூபதிராஜா கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு முழித்தார்.

சத்தம் கேட்டு யோகப்பிரியா வாசலில் வந்து நின்றாள். தோட்டத்து மோட்டார் அவள் பொறுப்பு. இரண்டு தடவை அதன் கம்பிச்சுருள் கருகிய பிறகு, சுவரில் இருக்கிற வோல்ட் மீட்டரைப் பார்க்காமல் எதையும் தொட மாட்டாள். உள்ளே வந்தவுடன் வழக்கப்படி கண் அங்கேதான் போயிற்று.

"ஏனுங்க, இன்னைக்குக் கரண்டு இருநூத்தி முப்பத்தஞ்சு நிக்குதுங்க. மழை பேஞ்சதுங்காட்டி ஒரு தோட்டத்துலயும் மோட்டார் போடலையாட்ட இருக்குது" என்றாள்.

அவர் மெதுவாகக் கேட்டார். "மத்த நாள்ல எவ்வளவு நிக்கும்?"

"நாலு மணிக்குங்களா? அத்தனை மோட்டாரும் ஓடுற நேரம். நூத்தி எம்பது இருந்தா பெருசுங்க."

பூபதிராஜா எழுந்து மீட்டரைப் பார்த்தார், ஆம்ப்பைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். மூன்று மாசமாக அரைப்பட்டினி கிடந்த ஆம்ப்பை வைத்துக்கொண்டு குமிழ்களைத் திருகியிருக்கிறார். டவுனில் முழுக் கரண்டு கிடைத்ததும் அது தன் பலத்துக்கு உறுமியிருக்கிறது. அதன் மேல் கெயினும் டிரைவும் முழுக்க ஏறி நின்றால் சேறாகாமல் என்ன ஆகும்?

நகத்தால் டேப்பைச் சுரண்டி எடுத்தார். ஆம்ப்பில் கெயினைப் பாதிக்குக் கொண்டுவந்தார். பெடலில் டிரைவை அடிவரைக்கும் இறக்கினார். லெவலை முழுக்க ஏற்றி, டோனைக் கொஞ்சமாகத் திருப்பினார். அப்புறம் டவுனில் தடுமாறிய அந்த வெட்டு வாசிப்பை, மோதிர விரலை ஒளிக்காமல், முழு வேகத்தில் வாசித்தார்.

ஒவ்வொரு அடியும் தனியாக விழுந்தது. நடுவில் இருந்த மௌனம்கூடச் சுத்தமாகக் கேட்டது. தகரக் கூரை அதிர்ந்தது. இரண்டாம் தடவை வாசித்தார், மூன்றாம் தடவையும் வாசித்தார், எங்கேயும் விரல் வழுக்கவில்லை. அவர் உரமூட்டை மேல் உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் யோகப்பிரியா அதைப் பார்த்ததில்லை. என்னவென்று கேட்டாள். ஒரு வாரமாக விழுங்கி வைத்திருந்த அத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னார். அவள் கேட்டு முடித்து, முதல் நாளே சொல்லியிருந்தால் மீட்டரைக் காட்டியிருப்பேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்று ராத்திரி அவர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனார். ஒயரைச் சொருகி, சூடேறக் காத்திருந்து, அந்தப் பாட்டை வாசித்தார். நர்மதா பாதியில் பேஸை நிறுத்திவிட்டு, கடைசிவரை அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ராஜாண்ணா, விரல் எப்பங்க நல்லாச்சு?"

"டாக்டர் சொன்ன மூணு மாசத்துலயே நல்லாயிருச்சும்மா. எனக்குத்தான் நேத்து சாயங்காலம் தெரிஞ்சுது."