பெரிய டிரம்மை நான் எடுத்தபோது

பதினொன்றாம் வகுப்பில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்த தோழிகள் நாங்கள் நாலு பேர். ரிப்பன் கட்டுவதிலிருந்து யாரோடு பேசக் கூடாது என்பது வரை எல்லாவற்றையும் எங்களில் ஒருத்தி, ஜவுளிக்கடைக்காரர் மகள், சொல்வாள். அவள் கெட்டவள் இல்லை. முடிவெடுப்பது அவளுக்குச் சுலபமாக வந்தது, எங்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

விளையாட்டு விழா வந்தது. பள்ளி பேண்டில் பெரிய டிரம் அடிக்க ஆள் கேட்டார் பி.டி. டீச்சர். வகுப்பில் யாரும் அசையவில்லை. நான் கை தூக்கினேன். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜவுளிக்கடைக்காரர் மகள் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, அம்புட்டுப் பெரிசத் தூக்கிட்டு ஆம்பளப் பய மாதிரி நடக்கப் போறியா? எங்களுக்குல்ல அசிங்கம். நாளைக்கே மாட்டேன்னு சொல்லிரு."

"மாட்டேன்னு உங்கிட்டதான் சொல்லுறேன்" என்றேன். அவளிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

மறுநாளிலிருந்து மூவரும் என்னோடு பேசவில்லை. முதலில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் மைதானத்தில் டிரம்மை மாட்டினால் வேறு ஆளாகிவிடுவேன். வார் தோளை அறுக்கும்; ஒவ்வொரு அடியும் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிரும். என் அடிக்குத்தான் முன்வரிசை கால் எடுத்து வைத்தது. பஸ்ஸில் தனியாக நின்றபோதும் நான் குறைந்துபோனதாகத் தோன்றவில்லை.

ஒருநாள் காலை பஸ்ஸில், மூவரில் அதிகம் வாய் திறக்காதவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஜால்ராவுக்கு ஆள் வேணுமாமே. நானும் வாரேன்ட்டி."

"நீயுமா? ஜால்ரா அடிக்கவா போற?" என்று சீட்டிலிருந்து கேட்டாள் ஜவுளிக்கடைக்காரர் மகள்.

"ஒனக்கு அடிச்சது போதும்ட்டி. இனி பேண்டுல அடிக்கேன்."

பக்கத்துச் சீட்டுக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் மகளுக்கு முகம் சிவந்தது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியாமல் அவளும் சிரித்தாள். அன்றே இன்னொருத்தியோடு சேர்ந்து அவளும் என்னோடு பேசத் தொடங்கினாள். அதன்பிறகு அவள் ஏதாவது சொன்னால் நாங்களும் ஒன்று சொன்னோம். அடிக்கடி சண்டை வந்தது. முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது.

விழாவன்று அவள் பேண்டில் சேரவில்லை. நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அணிவகுப்புத் தொடங்க டீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கோலை ஓங்கி முதல் அடி அடித்தேன். பள்ளிக்கூடமே நடக்கத் தொடங்கியது.