என் கைகளுக்கு வளைத்த ஹேண்டில்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் சூரியனும் தாமதமாகத்தான் வந்தது. தோக்கியோ நேரத்துக்குக் கடிகாரத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார்கள். ஏழு மணி அடிக்கும்போது எங்கள் ஊர் கஜா பெராங்கில் இன்னும் இருட்டாகவே இருக்கும். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு, அரை வயிறும் அரைத் தூக்கமுமாக நடமாடிக்கொண்டிருந்தோம். அந்த நாட்களை இப்போது நினைத்தால் எல்லாமே கரிப்புகைக்கு அந்தப் பக்கம் நடந்த மாதிரி இருக்கிறது. ஒரு மோட்டார் சைக்கிள் ஹேண்டில் மட்டும் புகைக்கு இந்தப் பக்கம் நிற்கிறது.

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். என் வீட்டுக்காரர் சண்டைக்கு முன்னால் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் பட்டறையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்த்தவர். பட்டறை மூடியதும் வீட்டு வாசலிலேயே சாமான்களைப் பரப்பிக்கொண்டார். வீட்டில் அவர், நான், என் மாமனார், மூன்றே பேர்தான். அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்து போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் பெயரையும் எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். அதைச் சொல்லிவிட்டு அவர் வழக்கம்போல் கிழங்கைத் தின்றார். நான் என் பங்கையும் அவர் தட்டில் வைத்தேன்.

ஒரு மத்தியானம் ஒரு ஜப்பான் அதிகாரியின் மோட்டார் சைக்கிளை இரண்டு சிப்பாய்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாட்டு வண்டியில் மோதி ஹேண்டில் இரண்டு பக்கமும் உள்நோக்கி மடிந்திருந்தது. மாற்றுவதற்குப் புதிது எங்கே கிடைக்கும், சண்டையில் எந்தக் கப்பல் வரும்? பின்னாலேயே நடந்து வந்த அதிகாரி தனக்குத் தெரிந்த நான்கு மலாய்ச் சொற்களில் விஷயத்தை முடித்துவிட்டார்.

"பாகுஸ், சினி. தா பாகுஸ், சியாம்."

நன்றாக இருந்தால் இங்கே, இல்லாவிட்டால் சயாம். மறுநாள் காலையில் வருவதாகக் கையால் காட்டிவிட்டுப் போனார்.

மடிந்த குழாயை நிமிர்த்த முடியாது, நிமிர்த்தினால் அந்த இடத்தில் விண்டுவிடும் என்றார் என் வீட்டுக்காரர். தவுக்கே விட்டுப் போன இரும்புக் குழாய் ஒன்று இருந்தது. அதைப் புதிதாக வளைப்பது என்று முடிவானது. வெறும் குழாயை வளைத்தால் நசுங்கிவிடும். உள்ளே மணலை இறுக்கி அடைத்துக் காய்ச்ச வேண்டும். மணலில் ஈரம் இருந்தால் வெடிக்கும். என்னிடம் கடலை வறுக்கிற மணல் இருந்தது. கடலையைக் கண்ணால் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தாலும் மணலை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். அதைக் குவாலிச் சட்டியில் போட்டுச் சுடச்சுட வறுத்துக் கொடுத்தேன். கடலை வாசனை வந்ததும் மூன்று பேரும் சட்டியைச் சுற்றி வந்து நின்றோம்.

அளவுதான் சிக்கல். என் வீட்டுக்காரர் தென்னைமரம். மாமனார் அவரை விடவும் ஒரு பிடி உயரம். அதிகாரியோ என் உயரம்தான்.

"நீ ஏறி உக்காரு புள்ள. ஹேண்டில் புடிக்கிற மாதிரி கைய நீட்டு. அளவு எடுத்துக்கிறேன்."

இரும்பைக் காய்ச்ச மூட்டிய உலையின் துருத்திக்கு முன்னால் மாமனார் உட்கார்ந்திருந்தார். மாமனார் முன்னால் மருமகள் நாற்காலியில்கூட உட்காராத வீடு எங்களுடையது. எட்டு மாதத்தில் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அங்கே போய் நான் கால் விரித்து வண்டியில் உட்காருவதா? ஒருக்களித்து உட்கார்ந்தேன். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, தட்டு ஏந்துகிறவள் மாதிரி இரண்டு கைகளையும் நீட்டினேன். என் வீட்டுக்காரர் என் விரல்களை மட்டுமே பார்த்து மூங்கில் குச்சியில் அளவு வைத்துக்கொண்டார். எனக்குப் பசி மயக்கம். கண்ணை மூடினால் வண்டி தானாக ஓடியது. பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப் பக்கம் வயல்காற்று அடித்தது. முன்னால் அவர், பின்னால் நான். சயாம் என்று ஒரு ஊரே உலகத்தில் இல்லை.

சாயங்காலத்துக்குள் ஹேண்டில் தயாராகிவிட்டது. அழகாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் அதிகாரி ஏறி உட்கார்ந்தார். முழங்கைகள் வயிற்றில் இடித்தன. வாசலிலிருந்து மாமரம்வரை போனார். திருப்பும்போது கைப்பிடி முட்டியில் மாட்டி, வண்டியோடு சாய்ந்தார். எழுந்து வந்து என் வீட்டுக்காரரை ஓங்கி அறைந்தார். சயாமுக்கு ஆள் ஏற்ற மைதானத்தில் நின்ற லோரியைக் காட்டினார்.

"சிக்கிட் லாகி, துவான்," இன்னும் கொஞ்சம் நேரம் ஐயா, என்று இவர் கெஞ்சினார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து நான்கு விரல்களைக் காட்டினார். அவர்கள் நான்கு மணி, வெயிலுக்கு இரண்டரை.

அதிகாரி போனதும் என் வீட்டுக்காரர் கன்னத்தைத் தடவிக்கொண்டு குச்சியையே பார்த்தார். "உன் கை அளவுதானே எடுத்தேன்? எங்க தப்பு?"

தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். கடைசியில் மாமனார் இருக்கிறார் என்பதையும் மறந்து கத்தியே விட்டேன்.

"நான் கைய விரிக்கல. மாமா இருக்காங்கன்னு வெக்கப்பட்டு ஒடுக்கிக்கிட்டேன். என்னாலதான் உங்களக் கொண்டுபோகப் போறாங்க!"

அழுதேன். என் கூச்சத்தை அன்றைக்கு வெறுத்ததுபோல் வேறு எதையும் வெறுத்ததில்லை.

மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மடித்துத் தன் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். தடவித் தடவித் துருத்தியின் பிடியைக் கண்டுபிடித்தார்.

"ஏறி உக்காரும்மா. வண்டி ஓட்டுறவன் எப்படி உக்காருவானோ அப்படி உக்காரு."

சேலையில் முடியாது. பக்கத்து வீட்டில் தலைமுறைகளாக மலாயே பேசிவரும் செட்டி அம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் வராது; ஆனால் நடந்தது அத்தனையும் வேலியோரம் நின்று பார்த்திருந்தார். தன் தொளதொளத்த சாரோங் கைலி ஒன்றை வேலிக்கு மேலே நீட்டி, "பாக்கேலா," கட்டிக்கொள் என்றார். கட்டிக்கொண்டு, பட்டப்பகலில், ரோட்டுச் சடக்கில் போகிறவர்கள் பார்க்க, கால் விரித்து ஏறினேன். கைகளை நீட்டினேன்.

"விரி. இன்னும் விரி. தோளை விடு. ம்... அவ்வளவுதான். அப்படியே இரு," என்றார் என் வீட்டுக்காரர்.

அப்படியே இருந்தேன். கண்ணை மூடவில்லை. இருந்தும் வண்டி ஓடியது. மாமரம் பின்னால் போனது, வேலி போனது, வெயில் தண்ணீர்போல் இரண்டு பக்கமும் விலகியது. அவர் வந்து வந்து அளவு பார்க்க வேண்டியிருந்ததால் நான் இறங்கவே இல்லை. "ஊதுங்கப்பா," "போதும்ப்பா," என்று அவர் குரல் கேட்கும். கண் கட்டிய மாமனார் குரலுக்கு ஊதினார், குரலுக்கு நிறுத்தினார். இரும்பு சிவந்து, மெல்ல மெல்ல என் கைகளுக்கு வந்து சேர்ந்தது.

நான்கு மணிக்கு அதிகாரி ஏறினார். மாமரத்தைத் தாண்டினார். திருப்பத்தைத் தாண்டினார். திரும்பி வந்தவர் வாசலில் நிற்கக்கூட இல்லை. போகிற போக்கில் "பாகுஸ்" என்றார். மறுநாள் சிவப்பு முத்திரை குத்திய தாள் ஒன்று வந்தது. எங்களில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. கதவில் ஒட்டிவைத்தோம். சண்டை முடிகிறவரை என் வீட்டுக்காரரை யாரும் தொடவில்லை.

ஆனால் அந்த நான்கு மணியை இன்னும் சொல்லி முடிக்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கிய பிறகுதான் மாமனார் துண்டை அவிழ்த்தார். சற்று நேரத்தில் லோரி எங்கள் வாசலைக் கடந்தது. என் வீட்டுக்காரர் இல்லாமல் எண்ணிக்கை குறையக் கூடாதென்று கடைசி நேரத்தில் சடக்கில் போன ஒருவரைப் பிடித்து ஏற்றியிருந்தார்கள். ஏற்றும்போது நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். முன்பின் தெரியாதவர். இளவயசு. லோரியின் பின்பக்கம் உட்கார இடமில்லாமல், விழுந்துவிடாதிருக்க இரண்டு பக்கப் பலகைகளையும் கைகளை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் இன்னும் சாரோங்கில்தான் நின்றிருந்தேன். வெகுநேரம் விரித்திருந்த என் கைகள் அப்போதும் முழுதாக மடங்கவில்லை.