சக்கைக் கொம்பில் ரோசாப்பூ நிறம்

நாங்கள் திருவிதாங்கூரோடு இருந்த கடைசி வருஷங்களில் ஒரு ஆனி மாதம். வீட்டுக்குப் பின்னால் தோப்பில் நின்ற சக்கைமரத்தில், வெளியூரில் பலாமரம் என்பார்கள், ஒரு கொம்பு மட்டும் இலையோடு காய்ந்து போயிற்று. இடி விழுந்தது என்றார் என் வீட்டுக்காரர். விழுந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்காதா? ஏணி சாத்தி ஏறினேன். நாலு எழுத்துதான் படித்தவள். மரமேற எழுத்து எதற்கு?

கொம்பின் பாதியில், அடிப்புறத்தில், யாரோ ரோசாப்பூ நிறத்தில் பூசினாற்போல இருந்தது. சுரண்டினால் உள்ளே பட்டை கறுத்திருந்தது. ஒரு முழம் கீழே கீறினால் வெள்ளைப் பால் வடிந்தது. ஒரே கொம்பு இங்கே செத்தும் அங்கே உயிரோடும் எப்படி இருக்கும்? அன்று முழுக்க அதே யோசனை.

அதற்குள் வீட்டுக்காரர் தடி வியாபாரியிடம் மரத்தை விலை பேசி முடித்துவிட்டார்.

"தடி உளுத்தா வெறகுக்குத்தான் போவும். ஆவணியில வெட்டிருவோம், கேட்டியா?"

"அதுவரைக்கும் அது எனக்க மரம்" என்றேன்.

வயல் பார்க்க வந்த விவசாய இலாகாக்காரரை வரப்பில் மறித்து, கொம்புத் துண்டைக் கையில் கொடுத்தேன்.

"இது பூசணம், அம்மா. மழையில பரவும்" என்றார்.

"ஊறுகாயில பிடிக்குமே, அதா?"

"அதுக்குச் சொந்தக்காரன்" என்று சிரித்தார். செய்ய வேண்டியதையும் சொன்னார்: நல்ல பட்டையையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எரிக்க வேண்டும்; வெட்டிய வாயில் துருசு என்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் மண்பானையில் கலக்கிப் பூச வேண்டும். கலக்கியதில் கத்தியை முக்கினால் சிவக்கக் கூடாது. சிவந்தால் சுண்ணாம்பு போதாது.

மறுநாளே வெட்டி எரித்தேன். துருசு மயில் கழுத்து நிறத்தில் கரைந்தது. இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால், செம்புக் கத்தி! துடைத்துத் துடைத்து மறுபடி முக்கினேன். வீட்டில் சுண்ணாம்பு தீர்ந்து, மாமியாரின் வெற்றிலைச் செல்லத்தில் கைவைத்தேன்.

"ஏட்டி, மரத்துக்கு வெத்தலயும் பாக்கும் வேண்டாமா?"

"அது சவைச்சா குடுப்பேன், மாமி."

மாமியாரின் சுண்ணாம்பு விழுந்த பிறகுதான் கத்தி வெளுப்பாக வந்தது.

ஆவணியில் வியாபாரி கோடாலிக்காரனோடு வந்து நின்றான். நான் வீட்டுக்காரரை ஏணியில் ஏற்றினேன். மேலே போனவர் இறங்கவே இல்லை.

"என்ன, உறங்கிட்டியளா?"

"பொறுட்டி. வெட்டுன எடத்துக்குக் கீழ நாலு துளிரு வருது."

பிறகு மரத்தில் இருந்தபடியே வியாபாரியிடம், "மரம் குடுக்கதுக்கு இல்ல" என்றார்.

அடுத்த ஆடியில் இன்னொரு கொம்பிலும் அந்த நிறம் வந்தது. இந்த முறை முதலில் கண்டவர் அவர்தான். ஏறி வெட்டியது நான்.