மகனுக்கு வைத்த கடல் பெயர்

என் மகனுக்கு ஷார்தன் என்று பெயர் வைத்தோம். ஒஸ்லோவில் எங்களோடு தேவாலயத்துப் பூசைக்கு வரும் தமிழ்ச் சனம் முகத்தைச் சுளித்தது. முடிவில் 'அன்' வருகிறதே, பிறகென்ன குறை என்று பகிடியாகச் சொல்லிச் சமாளித்தேன். உண்மைக் காரணத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது படுகிறது.

கணவரின் தம்பி இலங்கையில் சண்டைக் காலத்தில் மன்னாரில் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. படகும் வரவில்லை. இறந்தவரின் பெயரை அடுத்துப் பிறக்கும் ஆண்பிள்ளைக்கு வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். உயிரோடிருப்பவரின் பெயரை வைக்க மாட்டோம். மாமியோ அந்த மகனுக்காக, இறந்தவர்களுக்குச் செய்யும் ஆத்துமப் பூசைகூட ஒப்புக்கொடுக்காமல் இருந்தார். அந்தப் பெயரை நாங்கள் வைத்தால், உன் மகன் செத்துப்போனான் என்று பெற்றவளுக்கு நாங்களே சொன்னதாகிவிடும். கணவர், தம்பியின் பெயரை விடவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் தவித்தார்.

அப்போது எனக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. கூட வேலை செய்த நோர்வேக்காரரின் பெயர் ஷார்தன். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டேன். மனிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அது வேரில் நோர்வேப் பெயரே இல்லையாம். அயர்லாந்தின் பழைய கேலிக் மொழியில் முயிர்கெர்தாக் என்று நீளமாக இருந்ததாம். கடலில் கைதேர்ந்தவன் என்று பொருள். அங்கே சில அரசர்களுக்கும் அந்தப் பெயர் இருந்ததாம். அப்படி ஓர் அரசரின் மகளை அடிமையாகப் பிடித்து விற்று, ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள் என்பது கதை. அவள் தகப்பனிடம் திரும்பவேயில்லை. ஆனால் அவளுடைய பேரனுக்கு அந்தத் தகப்பனின் பெயரை ஷார்தன் என்று சுருக்கி வைத்தார்களாம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். கடலில் கைதேர்ந்தவன் என்றதும் அழுதுவிட்டார். மாமிக்கும் நோகாது, தம்பிக்கும் வீட்டில் ஓர் இடம் இருக்கும். பெரிய கெட்டித்தனம் செய்துவிட்டதாக நினைத்தோம். பெயரைத் தொலைபேசியில் சொன்னபோது மாமி "ஓம், ஓம்" என்றதோடு சரி.

சண்டை நின்று, சமாதான காலத்தில் பாதை திறந்ததும் மன்னாருக்குப் போனோம். மாமி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெயரைச் சொல்லிப் பார்த்தார். வாயில் நுழையவில்லை. அவனுடைய காலைத் தடவிக்கொண்டே பேசினார்.

"கடலுக்குப் போனவன்ரை பேரை வைப்பியள் எண்டு இருந்தனான், பிள்ளை. வைச்சிருந்தா அழுது முடிச்சுப் பூசைக்குக் குடுத்திருப்பன். நீங்கள் வைக்கேல்லை. அப்ப இவையளுக்கு ஏதோ தெரியும், அவன் வெளியிலை எங்கையோ உயிரோடை இருக்கிறான் எண்டு விளங்கிக்கொண்டன்."

கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். மாமி என் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப சொல்லு. எங்கை இருக்கிறான்?"

பெயரால் சொல்லாமல் விட்டதை நான்தான் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.