இரவல் சோபா

போன வாரம் பெங்களூர் நீலசந்திராவில் ஸ்டெல்லா வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குப் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். உள்ளே நுழைந்ததும் வீடு மாறி வந்துவிட்டேனோ என்று திகைத்துவிட்டேன் — பளபளவென்று சோபா, பெரிய டிவி, டீப்பாய் மேல் பிளாஸ்டிக் ரோஜா!

"லாட்டரி ஏதாவது...?"

"நீங்க வேறக்கா! நம்ம பொண்ணு பிரின்சிக்கு ஸ்காலர்ஷிப் குடுக்கற டிரஸ்ட்லேர்ந்து இன்னிக்கு வீடு பார்க்க வர்றாங்க. சோபா மாடி வீட்டுது. டிவி எதிர் வீட்டுது."

எனக்குத் தலை சுற்றியது. கஷ்டப்படுகிற குடும்பம்தானா என்று பார்க்கத்தானே வருகிறார்கள்? இது கிடைக்காவிட்டால் பிரின்சியின் இன்ஜினியரிங் சீட் கைநழுவிவிடும்.

"அதுக்காக வீட்டுக்கு வர்றவங்களை பாயிலயா உட்கார வைக்கறது?" ஸ்டெல்லாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

அச்சு அசல் என் அம்மா!

கோலார் தங்கவயலில் நாங்கள் இருந்தது சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு. அப்பாவுக்கு வேலை போயிருந்த நேரம். என்னை பி.எஸ்சி. படிக்க வைப்பதற்காக ஒரு டிரஸ்ட்டிலிருந்து பெரியவர் ஒருவர் வீடு பார்க்க வந்தார். விஷயம் தெரிந்ததும் லைனே களத்தில் இறங்கிவிட்டது. ஒரு வீட்டு நாற்காலி, இன்னொரு வீட்டு டேப் ரெக்கார்டர், பக்கத்து வீட்டு மேரி அக்காவின் சங்கிலி என் கழுத்தில்... அம்மா கிண்டிய கேசரி தெரு முழுக்க மணந்தது.

பெரியவர் ரசித்துச் சாப்பிட்டார். "சந்தோஷம்மா, நல்லா இருக்கீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

நான் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துகொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தேன். அம்மாவோ கடைசிவரை, "எவ்வளவு மரியாதையான மனுஷன்!" என்று உருகிக்கொண்டிருந்தாள். அப்போது எரிச்சலாக வரும். இப்போது அந்தக் கேசரிக்கும் அம்மாவுக்கும் மனசு ஏங்குகிறது.

இதை ஸ்டெல்லாவிடம் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. சோபாவை எங்கே ஒளிப்பது?

டிரஸ்ட் மேடம் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார். "வசதியாத்தான் இருக்கீங்க போல?"

ஸ்டெல்லா பெருமையாகச் சிரிக்கிறார்!

பிரின்சி காபியை நீட்டினாள். "மேடம், சோபா மாடி வீட்டு ஆன்ட்டியோடது. டிவி எதிர் வீட்டோடது. நீங்க வர்றீங்கன்னு அம்மா கேட்டு வாங்கி வெச்சாங்க. காபி மட்டும்தான் எங்களோடது."

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

நேற்று போன் வந்தது. பிரின்சிக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது! குதிக்காத குறையாக ஸ்டெல்லாவை வாழ்த்தினேன்.

"அதெல்லாம் சரிக்கா... ஆனா வந்தவங்க முன்னாடி என் மானத்தை வாங்கிட்டா பாருங்க!"