மாமன் மட்டும் பளிச்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை. சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் குமரேசன் கையில் செல்போனோடு வந்து நின்றார். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத அளவுக்குச் சாதுவான மனிதர்.

"அக்கா, இதப் பாருங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க... இது நியாயமா?"

பார்த்தேன். அவருடைய ஒரு வயது மகள் யாழினிக்கு இந்த மாதம் காது குத்தினார்களே, அந்தப் படம். கொடும்பாளூருக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலில் விசேஷம். நானும் போய் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறது. அழகாகத்தானே இருக்கிறது?

"பெருசு பண்ணிப் பாருங்கக்கா."

பெருசு பண்ணினேன். மாமன் பாண்டியனின் மீசையை ஒவ்வொரு முடியாக எண்ணலாம். சட்டைக் காலரில் சிந்திய குங்குமம்கூடப் பளிச். அவருக்கு முன்னால், அவர் மடியிலேயே இருக்கிற குழந்தையின் முகமோ, நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தது மாதிரி மசமசவென்று இருந்தது.

அடுத்த படம்? அதே கதை. அதற்கடுத்தது? அதுவும்தான்.

"போட்டோக்காரர் கை ஆடியிருக்கும்" என்றேன்.

"கை ஆடுனா மாமனும்ல கலங்கியிருக்கணும்?"

கணக்கு வாத்தியாரிடம் வாயைக் கொடுத்தால் இப்படித்தான்.

விஷயம் இதுதான். போட்டோகிராபரை ஏற்பாடு செய்தது மாமன் பாண்டியன். ஆவுடையார்கோவில்காரர். போட்டோகிராபர் ஆரோக்கியராஜும் அதே ஊர், அதே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. போதாதா? குமரேசனின் அண்ணன் கீரனூரிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தீர்ப்பே எழுதிவிட்டார். "நம்ம புள்ளையக் கலங்கலா எடுத்துட்டு அவன் ஆளப் பளிச்சுன்னு எடுத்துருக்கான். வேணும்னே பண்ண வேலை. சீர் கொண்டாந்த மாமன்னு ஊருக்குக் காட்டணும்ல?"

அதோடு நின்றிருந்தால் நான் தேங்காயைத் துருவப் போயிருப்பேன். வருகிற வியாழக்கிழமை பாண்டியனின் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். உடன்பிறந்த தங்கை கையால்தான் பால் காய்ச்ச வேண்டும். "நம்ம வீட்டுலேருந்து ஒருத்தரும் போகப்படாது, அவளையும் அனுப்பாத" என்று அண்ணன் உத்தரவு. குமரேசன் மறுத்துப் பேசவில்லை.

குமரேசனுக்குப் பின்னால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் மனைவி கவிதா வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"நான் இல்லாம எங்கண்ணன் வீட்டுல அடுப்புப் பத்தவைக்கிறதாக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. கேமராவைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் எடுத்தவரையே கூப்பிட்டுக் கேட்டுவிடுவோம் என்று போன் போட்டேன்.

சாயங்காலம் ஆரோக்கியராஜ் பைக்கில் வந்து இறங்கினார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "மேடம், சத்தியமா பாண்டியனுக்காக எடுக்கல. ஸ்கூல்ல அவன்ட்ட அடி வாங்குனவன் நான்."

அப்புறம் பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து வைத்தார். "இது காதுகுத்துக்கு முந்தின வாரம் வாங்குனது. செகண்ட் ஹேண்டு. பேக் ஃபோகஸ் அடிக்கிதுன்னு நெனைக்கிறேன். புள்ள மூஞ்சிக்கு ஃபோகஸ் வச்சா, கொஞ்சம் பின்னாடி போயி நிக்கிது. மடியில புள்ள, பின்னாடி மாமன். நேரா மாமன் மீசையில போயி ஒக்காந்துருச்சு."

"எடுக்கும்போதே பாக்கலையா?" இது நான்.

"பின்னாடி இருக்குற சின்ன ஸ்கிரீன்ல எல்லாமே நல்லாத்தான் மேடம் தெரியும். எல்லாரும் 'அனுப்புங்க, அனுப்புங்க'ன்னு நச்சரிச்சாங்க... பாக்காம அனுப்பிட்டேன்."

"சொன்னாப் போதாது, நிரூபிங்க" என்றார் குமரேசன்.

என் சாப்பாட்டு மேஜை ஆய்வுக்கூடமாகியது. அடுக்களையிலிருந்து தீப்பெட்டிகளை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, கொஞ்சம் கொஞ்சம் விலக்கி, சாய்வாக நிறுத்தினார். கேமரா ஸ்டாண்டில் ஏறியது. நடுத் தீப்பெட்டிக்கு ஃபோகஸ் வைத்து, ஒரு க்ளிக். ஸ்கிரீனில் பெரிதாக்கிக் காட்டினார். நடுவில் இருந்தது மசமச. அதற்குப் பின்னால் இருந்த தீப்பெட்டி, ஒட்டியிருந்த லேபிளின் கிழிசலோடு பளிச்!

குமரேசன் நம்புவாரா? தீப்பெட்டிகளைத் தானே கலைத்து அடுக்கினார். மறுபடியும் பின்னால் இருந்ததுதான் பளிச். வேறு லென்ஸை மாட்டச் சொன்னார். மாட்டியதும் நடுத் தீப்பெட்டி கண்ணாடி மாதிரி தெரிந்தது.

"அப்ப ஒங்கள ஏமாத்தி டுப்ளிகேட் லென்ஸ வித்துட்டாங்களா?"

"இல்ல சார். வேற கேமராவுல மாட்டுனா இதே லென்ஸு ஒழுங்கா எடுக்கலாம். இந்தக் கேமராவும் சரிதான், இந்த லென்ஸும் சரிதான். ரெண்டும் சேந்தாத்தான் இப்புடிக் கொஞ்சம் தள்ளிப் போயிருது."

எனக்குத் தெரிந்த பல சம்பந்திகளுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை யாரும் சொன்னதில்லை. தனித்தனியாகத் தங்கமான குடும்பங்கள்... சேர்த்து வைத்துப் பாருங்கள், தெரியும்!

இதற்கு மருந்து கேமராவுக்குள்ளேயே இருக்கிறதாம். மெனுவில் ஒரு இடம். ஃபோகஸ் பின்னால் போனால் மைனஸ் பக்கம் நகர்த்த வேண்டும், முன்னால் வந்தால் ப்ளஸ். ஒரு தடவை நகர்த்தி வைத்துவிட்டால், இந்த லென்ஸுக்கு இவ்வளவு என்று கேமரா ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ஆரோக்கியராஜ் மைனஸில் ஒரேயடியாகத் தள்ளினார். இப்போது முன்னால் இருந்த தீப்பெட்டி பளிச்.

"ரொம்பப் போயிட்டீங்க. பாதி வாங்க" என்றார் குமரேசன். மைனஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் வாத்தியாருக்குக் கோபமெல்லாம் மறந்துவிட்டது. அவர் எண் சொல்ல, இவர் வைக்க, மாறி மாறி க்ளிக். கடைசியில் நடுத் தீப்பெட்டி வழிக்கு வந்தது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்!

அதோடு விடாமல் ஆரோக்கியராஜ் காதுகுத்துப் படங்களை லேப்டாப்பில் ஓட்டினார். "சார், நீங்க புள்ளைய மடியில வச்ச படம் ஒண்ணு இருக்கே... இந்தா."

குமரேசன் பளிச். பவுடர் திட்டுக்கூடத் தெரிகிறது. யாழினி கலங்கல்.

"இத நீங்க பாக்கலையா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்... நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன்."

நெனச்சாரா? அவருடைய வாட்ஸ்அப் டிபியே அந்தப் படம்தான்! நானும் ஆரோக்கியராஜும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். குமரேசனும் வழிந்தபடியே சிரித்தார்.

கவிதா சிரிக்கவில்லை.

"மாமன் பளிச்சுன்னு இருக்காரு, அப்பா பளிச்சுன்னு இருக்காருன்னு நாள் பூரா பேசுறீங்க. காது குத்துறப்ப எம்புள்ள எப்புடி அழுதுச்சு... அந்த மொகம் ஒரு படத்துலயாவது கிட்டக்கத் தெளிவா இருக்கா? ஐயோ, இல்லாமப் போச்சேன்னு ஒருத்தருக்கும் தோணலையே."

எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. தீப்பெட்டியின் லேபிளை அத்தனை அக்கறையாகப் பார்த்தவள் நான். ஆரோக்கியராஜ் தலையைக் குனிந்துகொண்டார். லென்ஸைத் திருத்திவிடலாம். குத்திய காதைத் திரும்பவா குத்த முடியும்?

குமரேசன் எழுந்து போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டார். அதன் காதில் இருந்த சின்னத் தோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வியாழக்கெழம எத்தன மணிக்குப் பால் காய்ச்சுறாங்க?"

"விடியக்காலைங்க" என்றாள் கவிதா.

"அப்பப் புதன்கெழம சாயங்காலமே கெளம்பிருவோம். தம்பி, நீங்களும் வந்துருங்க. இந்த லென்ஸையே கொண்டாங்க. புள்ளைய நல்லா எடுக்கணும்."

அந்த நேரம் பார்த்துக் கீரனூர் அண்ணனிடமிருந்து போன். குமரேசன் ஸ்பீக்கரில் போட்டார். லென்ஸ், பேக் ஃபோகஸ், மைனஸ் என்று வகுப்பே எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"எல்லாஞ் சரிடா தம்பி... அந்தத் தீப்பெட்டியெல்லாம் யாரு கொண்டாந்தது? அவனா?"

"இல்லண்ணே. நம்ம அக்கா வீட்டுத் தீப்பெட்டி."

"அப்பச் சரி. நானும் வாரேன்."